பழைய மடிக்கணினிக்கு ரேம் கூட்டலாமா? கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே முடிவெடுக்கும் முறை

கோலாலம்பூர் லோயாட் பிளாசாவிலோ பினாங்கு கொம்தாரிலோ ஒரு கவுண்டரில் மடிக்கணினியை வைத்து, “ரொம்ப ஸ்லோவா இருக்கு பாஸ், ரேம் போடணும்” என்றால் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கேட்டதை விற்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் போட்ட பிறகும் கணினி அதே ஆமை வேகத்தில் நகர்ந்தால் பணம் திரும்பி வராது. அதனால் ரேமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தை, கூட்டுவதா வேண்டாமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டோடு கடைக்குப் போங்கள். சீட்டில் நான்கு விவரம் போதும்: கணினியின் முழு மாடல் எண், ரேமின் வகை, காலி ஸ்லாட் (ரேம் செருகும் இடம்) எத்தனை, எத்தனை ஜிபி வேண்டும்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதல் மூன்று படிகளில் எங்கே ‘வேண்டாம்’ என்று விடை வந்தாலும் அங்கேயே நின்றுவிடலாம். மிச்சத்தைப் படிக்கும் வேலையும் மிச்சம்.

1. முதலில் புராசசர் எண்ணைப் பாருங்கள்

ரேமைப் பற்றிக் கேட்டால் புராசசரைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான பாதுகாப்பு நீட்டிப்புத் திட்டத்துக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த கடைசி நாள் 2026 அக்டோபர் 13. விண்டோஸ் 11 ஏறாத கணினியில் ரேமுக்குச் செலவழித்தால், அந்தச் செலவின் ஆயுள் குறைவு.

‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘அபவுட்’ என்று போனால் புராசசரின் பெயர் தெரியும். இன்டெல் என்றால் சிறுகோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-7200யூ ஏழாம் தலைமுறை, ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை. எண் 1 என்று தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: 10210யூ, 1035ஜி1 இரண்டும் பத்தாம் தலைமுறை, 1135ஜி7 பதினொன்றாம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் வேண்டும். விதிவிலக்குகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஏஎம்டி ரைசனில் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 2500யூ போன்ற ஆரம்பகால மடிக்கணினி ரைசன்கள் பட்டியலில் இல்லை. மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை இறக்கி ஓட்டினால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும்.

விண்டோஸ் 11 ஏறாது என்று வந்தால் கணினியைத் தூக்கி எறிய வேண்டும் என்று பொருளில்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, பிள்ளைகளின் பள்ளி வேலைக்கும் யூடியூப் பார்க்கவும் இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்குப் புது ரேம் வாங்காதீர்கள். கழற்றிய பழைய ரேமே போதும்.

2. குறை ரேமிலா, வேறு எங்காவதா?

பலர் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். பணம் வீணாவதும் இங்கேதான்.

வழக்கமாகச் செய்யும் வேலையை எல்லாம் திறந்து வையுங்கள்: பிரவுசரில் எப்போதும் திறந்திருக்கும் அத்தனை டேப்கள், வாட்ஸ்அப், எக்செல், டீம்ஸ் அல்லது ஜூம். ஒரு மணி நேரம் சாதாரணமாக வேலை செய்யுங்கள். கணினி திணறும் அந்த நேரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். கணினியைப் புதிதாக ஸ்டார்ட் செய்த உடனே பார்த்தால் எண்கள் ஏமாற்றும்.

‘மெமரி’யில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று ‘அவைலபிள்’. 8 ஜிபி கணினியில் இது 1 ஜிபிக்குக் கீழே போய் அங்கேயே தங்கினால் நெருக்கடி உண்மை. இன்னொன்று ‘கமிட்டட்’. அது 11.2/13.4 என்பதுபோல இரண்டு எண்களாக இருக்கும். முதல் எண், திறந்திருக்கும் செயலிகள் கேட்டு ஒதுக்கிய மொத்த அளவு. போட்டிருக்கும் ரேமைவிட இது எப்போதும் பல ஜிபி கூடுதலாக இருந்தால், விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதிப் படித்துச் சமாளிக்கிறது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ திறந்து, மெமரி பக்கத்தில் ‘ஹார்ட் ஃபால்ட்ஸ்’ வரைபடத்தைப் பாருங்கள். ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அது எகிறி எகிறி நின்றால் ரேம் போதவில்லை. ‘இன் யூஸ்’ 70 விழுக்காடு என்பதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். இருக்கும் ரேமைப் பயன்படுத்திக்கொள்வது விண்டோஸின் இயல்பு.

அடுத்து, அதே பக்கத்தில் ‘டிஸ்க்’. அதன் கீழே எச்டிடி என்று எழுதியிருந்து, அளவு 100 விழுக்காட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் ரேமை மறந்துவிடுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும்வரை எவ்வளவு ரேம் போட்டாலும் பூட் ஆகும் நேரம் குறையாது. ஏதாவது ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அது எஸ்எஸ்டிக்குத்தான் (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போக வேண்டும். நிறைய வீடுகளில் இதோடேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

மூன்றாவது ‘சிபியூ’. வேலை நடக்கும்போது வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே தேங்கி நின்றால், விசிறியில் தூசி அடைத்திருக்கலாம், சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். சார்ஜரையும் சந்தேகிக்க வேண்டும். சில கணினிகள் தமக்குரிய சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மலிவு சார்ஜர் மாட்டிய நாளிலிருந்துதான் ஸ்லோவானதா என்று யோசித்துப் பாருங்கள். இவை எதற்கும் ரேம் மருந்தில்லை.

போகிற போக்கில் ‘ஸ்டார்ட்அப்’ பக்கத்தையும் திறந்து, தேவையில்லாததை நிறுத்திவிடுங்கள். 4 ஜிபி கணினியில் இதுவே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் தரும்.

3. கூட்ட முடியுமா?

‘மெமரி’ பக்கத்தின் கீழே ‘ஸ்லாட்ஸ் யூஸ்ட்’, ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்று இரண்டு வரிகள் இருக்கும். ‘சோடிம்’ என்றிருந்தால் கழற்றி மாட்டும் ரேம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் போர்டிலேயே பற்றவைத்தது.

ஆனால் இந்த வரிகளை மட்டும் நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். பற்றவைத்த ரேமையும் ஒரு ஸ்லாட்டாக எண்ணும் கணினிகள் உண்டு. ‘2இல் 1’ என்று காட்டியும் உள்ளே இரண்டாவது ஸ்லாட்டே இல்லாத போர்டுகளும் உண்டு. அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேட்டைத் தேடுங்கள். டெல், எச்பி, லெனோவோ மூன்றும் இதை இலவசமாகவே வெளியிடுகின்றன. ‘ஐடியாபேட்’ என்று மட்டும் தேடினால் போதாது. டெல்லில் ஏழெழுத்து சர்வீஸ் டேக், லெனோவோவில் மாடல் பெயருக்குப் பக்கத்தில் உள்ள நான்கெழுத்து மெஷின் டைப் வேண்டும்.

நடுத்தர விலைக் கணினிகள் பலவற்றில் 4 ஜிபி போர்டில் ஒட்டியும், பக்கத்தில் ஒரு ஸ்லாட்டும் இருக்கும். ஸ்லாட்டில் 8 ஜிபி போட்டால் மொத்தம் 12 ஜிபி. இது நல்லபடியாகவே வேலை செய்யும்; இரண்டும் சம அளவில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

எல்பிடிடிஆர் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது, அது போர்டோடு ஒட்டியது. மேக்புக் ஏர் எந்த ஆண்டு மாடலானாலும் ரேம் கூட்ட முடியாது. ரெட்டினா திரை கொண்ட மேக்புக் புரோக்களும் அப்படியே. ரெட்டினா இல்லாத 2012 நடுப்பகுதி மேக்புக் புரோதான் கூட்ட முடிந்த கடைசி வகை. பற்றவைத்த சிப்பை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வேலை கெட்டால் போர்டே போகும் என்பதை மனத்தில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

4. எந்த ரேம்?

மூன்று வகைதான் உங்கள் கையில் வரும். டிடிஆர்3எல்: 204 பின், 1.35 வோல்ட். டிடிஆர்4: 260 பின், 1.2 வோல்ட். டிடிஆர்5: 262 பின், 1.1 வோல்ட். வெட்டுப் பள்ளம் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றை இன்னொன்றின் ஸ்லாட்டில் மாட்ட முடியாது.

மாட்ட முடிந்தும் வேலை செய்யாத ஒன்று இருக்கிறது. 1.5 வோல்ட்டில் ஓடும் பழைய டிடிஆர்3, பார்வைக்கு டிடிஆர்3எல் போலவேதான் இருக்கும். நான்காம் தலைமுறை இன்டெல் மடிக்கணினிகளுக்கு டிடிஆர்3எல்தான் வேண்டும். ‘எல்’ இல்லாததை மாட்டினால் திரை எழும்பாது. ரேமின் லேபிளில் பிசி3எல் என்று இருக்கிறதா, வெறும் பிசி3 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஓர் எழுத்துக்காகத்தான் பலர் இரண்டாம் முறை கடைக்குப் போகிறார்கள்.

வேகத்தில் இவ்வளவு கவலை தேவையில்லை. 2400 கேட்கும் கணினியில் 3200 போட்டால் அது 2400இல் ஓடும். பிராண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இணையத்தில் வாங்கும்போது மூன்று பொறிகளைக் கவனியுங்கள்: டெஸ்க்டாப் ரேம் (ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் நீளம், மடிக்கணினியுடையது ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவு), ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் போட்ட மலிவு டிடிஆர்3, சர்வருக்கான இசிசி ரேம்.

5. எத்தனை ஜிபி?

4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது நிறுவுவதற்கான அளவு, நிம்மதியாக வேலை பார்ப்பதற்கான அளவல்ல. 8 இருந்தால், இரண்டாம் படியில் ‘கமிட்டட்’ எண் 10, 12 என்று போனால் மட்டும் 16. பழைய மடிக்கணினியில் 32 போடுவது வீண். அவ்வளவு ரேம் கேட்கும் வேலைக்கு அந்த புராசசர் ஈடுகொடுக்காது.

மேல்வரம்பையும் பாருங்கள். செலரான் என்4020 போன்ற சிப்களுக்கு 8 ஜிபிதான் உச்சம். நான்காம் தலைமுறை ஐ5-4200யூ மொத்தம் 16 ஜிபி ஏற்கும், ஆனால் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபி மட்டுமே. 16 ஜிபி ஒற்றைத் துண்டு டிடிஆர்3எல் அதில் ஓடாது.

ஏஎம்டி கணினிகளில் ‘8 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 5.9’ என்று காட்டுவது பழுதல்ல. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் ரேமிலிருந்து ஒரு பகுதியை கிராபிக்ஸ் எடுத்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட கணினியில் இரண்டு ஸ்லாட்டையும் நிரப்பினால் அளவோடு வேகமும் கூடும். ஒரே 16ஐவிட இரண்டு 8 மேல்.

6. செலவுக் கணக்கு

இரண்டு மூன்று ஆண்டுக்கு முந்தைய விலைப் பட்டியலை நம்பி வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். 2025 இறுதியில் டேட்டா சென்டர்களின் தேவையால் உலகம் முழுக்க ரேம் விலை ஏறியது. குருஷியல் என்ற பெயரில் விற்றுவந்த மைக்ரான், அந்த நுகர்வோர் வியாபாரத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஷாப்பி, லஸாடா இரண்டிலும் அன்றைய விலையைப் பார்த்து எழுதிக்கொண்டு, அதன் பிறகு கடையில் கேளுங்கள்.

ஒரு சின்ன வரம்பு வைத்துக்கொண்டால் முடிவு சுலபம். உங்கள் மாடல், உங்கள் நிலையில், பழைய பொருள் விற்கும் தளங்களான முடாவிலோ கேரோசெல்லிலோ என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். ரேம், எஸ்எஸ்டி, கூலி எல்லாம் சேர்த்து அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கணினி 700 ரிங்கிட்டுக்குப் போகுமென்றால் 230 ரிங்கிட்வரை செலவழிக்கலாம். பேட்டரி ஊதியிருந்தாலோ கீல் உடைந்திருந்தாலோ அந்தச் செலவையும் இதற்குள்ளேயே அடக்க வேண்டும். அடங்காவிட்டால், அலுவலகங்கள் கழித்த திங்க்பேட், லேட்டிட்யூட் வகைப் பழைய கணினிகளைப் பார்ப்பதே மேல். எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, 16 ஜிபியோடு கிடைத்தால் ரேம் வாங்கும் கதையே வேண்டாம்.

கழற்றிய பழைய ரேமைப் பற்றிய பயம் தேவையில்லாதது. ரேமில் தேயும் பாகம் எதுவும் இல்லை. ஒரு முழுச் சோதனையில் பிழை இல்லாமல் தேறினால் பெரும்பாலும் கணினியின் ஆயுள்வரை ஓடும். பழைய ஹார்ட் டிஸ்க்கையோ பேட்டரியையோ பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கினால், 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. 2024 ஜனவரி 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. வருமான வரி கட்டுபவர்களுக்கு இன்னொரு கணக்கு: வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் வரிக் கழிவில், சொந்த உபயோகத்துக்கு வாங்கும் கணினி அடங்கும். புத்தகம், கைபேசி, இணையக் கட்டணம் எல்லாம் அதே 2,500க்குள்தான். உதிரியாக வாங்கிய ரேமை அதில் சேர்க்கப் பார்க்காதீர்கள். புதுக் கணினியா பழையதற்கு ரேமா என்ற ஊசலாட்டத்தில், அந்த ஆண்டுக் கழிவு மீதமிருக்கிறதா என்பதும் ஒரு காரணமாகலாம். ரசீதை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

7. கடையில்

வாரநாள் முற்பகலில் போங்கள். சனி ஞாயிறில் லோயாட்டில் நின்று பேச நேரம் தரமாட்டார்கள். தரைத்தளத்தில் கூவி அழைக்கும் முதல் கடையிலேயே முடிக்காமல் மேல்மாடிகளில் இரண்டு கடையாவது விலை கேளுங்கள். கேட்கும்போதே, ‘மாட்டிக் கொடுக்கும் கூலியோடா, இல்லாமலா?’ என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள். பேரம் பேசும்போது வராத கூலி, பில் போடும்போது வந்து சேரும்.

வாங்கி வர வேண்டியவை: கடை முத்திரையும் தேதியும் உள்ள ரசீது, அதில் ரேமின் சீரியல் எண், உத்தரவாதம் எத்தனை மாதம் என்ற வரி. பெட்டியில் ‘லைஃப்டைம் வாரண்டி’ என்று இருப்பது தயாரிப்பாளர் தருவது. அதை இங்கே யார் ஏற்றுச் செய்கிறார் என்பதற்கு உள்ளூர் விநியோகஸ்தரின் ஸ்டிக்கர்தான் அடையாளம், அதைக் கிழித்துவிடாதீர்கள். பழைய ரேம் என்றால் குறைந்தது ஒரு வார மாற்று உத்தரவாதத்தை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றிய உங்கள் ரேமையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பொருள்.

கணினியைக் கடையில் விட்டுவிட்டு வரும் வேலையல்ல இது. கண் முன்னால் மாட்டச் சொல்லலாம். பாஸ்வேர்டு எழுதிக் கொடுக்கத் தேவையே இல்லை. விண்டோஸ் எழும்புமுன் திறக்கும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில் அளவு தெரிந்தால் போதும்.

8. நீங்களே மாட்டுவதானால்

முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஓடும் கணினியானால், 48 இலக்க மீட்பு எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். வெறும் ரேம் மாற்றத்துக்குப் பொதுவாக அது கேட்காது. ஆனால் பயாஸில் எதையாவது தொட்டால் கேட்கலாம்.

‘ஸ்லீப்’ போதாது, முழுதாக ஷட்டௌன் செய்யுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். திங்க்பேட்களில் உள் பேட்டரியை பயாஸ் வழியாகவே நிறுத்தும் வசதி உண்டு. மற்றவற்றில் மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. மின்சாரம் இருக்கும்போது ரேமைத் தொட்டால் போர்டு போய்விடலாம், உத்தரவாதமும் கூடவே போகலாம்.

அடி மூடியின் திருகுகள் ஒரே நீளம் இல்லை. காகிதத்தில் கணினியின் உருவத்தை வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அங்கேயே டேப்பால் ஒட்டி வையுங்கள். நீளத் திருகைக் குட்டை இடத்தில் முடுக்கினால் கீபோர்டு பக்கம் புடைத்துவிடும். ரப்பர் காலுக்கு அடியிலும் சிலவற்றில் திருகு இருக்கும்.

உலோகம் எதையாவது தொட்டுவிட்டு, ரேமை விளிம்பில் பிடித்து, ஏறக்குறைய 30 பாகை சாய்வில் ஸ்லாட்டுக்குள் தள்ளுங்கள். தங்கப் பட்டைகள் ஏறத்தாழ மறைய வேண்டும். பிறகு கீழே அழுத்தினால் இரு பக்கக் கிளிப்புகளும் ‘கிளிக்’ என்று பிடிக்கும். பட்டை பாதி வெளியே தெரிந்தால் சரியாக மாட்டவில்லை.

9. முதல் ஸ்டார்ட், பிறகு சோதனை

மாட்டியபின் முதல் முறை திரை கறுப்பாகவே சில நிமிடம் இருக்கலாம், டிடிஆர்5இல் இன்னும் அதிக நேரம். கணினி புது ரேமைப் பழகிக்கொள்கிறது. பதறிப்போய் பவர் பட்டனை அழுத்தாதீர்கள். ஐந்து நிமிடம் கழிந்தும் எழும்பாவிட்டால் கழற்றி மீண்டும் மாட்டுங்கள், பிறகு புதியதை மட்டும் தனியாக மாட்டிப் பாருங்கள். பழையது தனியாக ஓடி, புதியது தனியாக ஓடாவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டியது எது என்று தெரிந்துவிட்டது.

ஓடினால் டாஸ்க் மேனேஜரில் மொத்த அளவைச் சரிபாருங்கள். அன்றிரவே மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓட்டிவிட்டுப் படுக்கப் போங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ரேமில் ‘கொஞ்சம் பிழை’ என்று ஒன்று கிடையாது. பிழையுள்ள ரேம் உடனே காட்டிக்கொடுக்காது. வாரக் கணக்கில் நீலத் திரையும் திறக்காத கோப்புகளுமாக வந்து, அதற்குள் மாற்று உத்தரவாத நாள் கடந்துவிடும்.

10. மாற்றித் தர மறுத்தால்

ரசீது, சீரியல் எண் தெரியும் படம், சோதனையில் பிழை காட்டிய திரையின் படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு முதலில் கடையிலேயே பேசுங்கள். பலிக்காவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மலாய்மொழிச் சுருக்கமாக டிடிபிஎம் என்பார்கள். 50,000 ரிங்கிட்வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். இது வியாபாரியிடம் வாங்கியதற்கு மட்டும். முடாவில் தனி ஆளிடம் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய ரேமுக்கு இந்த வழி இல்லை. அங்கே வாங்குவதானால் உங்கள் கணினியைக் கூடவே எடுத்துப் போய், மாட்டி, எழும்புகிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.